ரெட் ஏலும் ஒரு பேக்கரிக்காரியின் மூக்கும்

முதலில் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ரெட் ஏல் என்ற சிவப்பு பீரை 8 முதல் 12 டிகிரிக்குள் குடிக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் நாக்கு மரத்துவிடும், மணம் மேலே எழாது, இனிப்பு ஒளிந்துகொள்ளும், கசப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும். சித்திரை, வைகாசியில் இருபது நிமிடம் மேசைமேல் இருந்தால் போதும். மார்கழி, தையில் குன்னூர்க்காரர்களுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. மாலையில் ஜன்னல் திட்டில் வைத்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் பதமாகிவிடும். பல் கூசும் குளிரில் பீர் குடிப்பது மேட்டுப்பாளையத்து வெயிலுக்குப் பொருந்தும். கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் ஏன் அப்படியே கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே எங்களுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. வர்க்கி, பன், ரஸ்க், டிசம்பரில் பிளம் கேக். அடுப்பு என் கணவரின் பொறுப்பு. மாவும் கணக்கும் என் பொறுப்பு. அயர்லாந்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வரும்போது அரை லிட்டர் பாட்டில்கள் நான்கு கொண்டுவருவான். வெளிநாட்டிலிருந்து வருபவருக்குச் சுங்கத்துறை அனுமதிப்பது 2 லிட்டர்; கணக்குச் சரியாக இருக்கும். “அத்தை, இதில் இருப்பது முழுக்க உங்கள் அடுப்பு வேலைதான்” என்று சொல்லித்தான் முதல் பாட்டிலைத் திறந்தான். அவன் சொன்னது உண்மை. அந்த வழியிலேயே உங்களுக்கும் சொல்லித்தருகிறேன்.

பீர் என்றாலே ஹாப்ஸ் பூவின் கசப்பையும் வாசனையையும் பற்றித்தான் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ரெட் ஏலில் ஹாப்ஸ் பின்வரிசையில் நிற்கும். முன்னால் நிற்பது வறுபட்ட தானியம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச நாம் கேழ்வரகை முளைகட்டி வறுப்பதைப் போன்ற வேலைதான் இது. அதில் ஒரு பகுதியை ஈரத்தோடேயே சூடேற்றுவார்கள். உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். பிறகு சூட்டைக் கூட்டினால் அந்தச் சர்க்கரை உள்ளேயே பாகாகி இறுகும். இதற்கு கிரிஸ்டல் மால்ட் என்று பெயர். ஈஸ்டால் முழுதாகத் தின்று தீர்க்க முடியாத இனிப்பு இது. புளித்து முடிந்த பிறகும் பீரில் தங்கிவிடும். கடைசியாக, முளைகட்டாத பார்லியை ஏறக்குறையக் கருகும்வரை வறுத்து, 100 கிலோ தானியத்துக்கு 2, 3 கிலோ என்ற அளவில் சேர்ப்பார்கள். நிறம் சிவப்பது இதனால்தான். குடித்து முடிக்கையில் வாய் உலர்ந்து நிற்பதும் இதனால்தான். இனிப்பில் தொடங்கி உலர்வில் முடியவேண்டும். நல்ல ஐரிஷ் ரெட் ஏலுக்கு அடையாளம் அதுவே; மீதி எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவே நடப்பவை.

நம் மலைக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. நீலகிரி ரயிலில் அருவங்காட்டைத் தாண்டும்போது எல்லோரும் வெடிமருந்துத் தொழிற்சாலையைக் காட்டுவார்கள். அது வருவதற்கு முன்பே, 1857-இல், இங்கே காசில் புருவரி என்ற பீர் ஆலை தொடங்கிவிட்டது. ஏல் ஈஸ்டுக்கு 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் பிடிக்கும். ஐஸ் இயந்திரம் இல்லாத காலத்தில் சென்னையில் அதற்கு வழியில்லை, இங்கே சும்மாவே கிடைத்தது. படுகர் ஊர்களில் பார்லியும் விளைந்தது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதையும் தென்னிந்தியாவின் வேறு சில புருவரிகளையும் சேர்த்து உண்டாக்கியதுதான் யுனைடெட் புருவரீஸ். காசில் மறைந்துவிட்டது, குளிர் மட்டும் இருக்கிறது.

இனி மூக்கைத் தயார் செய்வோம். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கிளாசுக்குப் போகிறவர்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார்கள். மளிகைக் கடையில் பார்லி அரிசி கால் கிலோ வாங்குங்கள். இரும்புச் சட்டியைச் சிறு தீயில் வைத்து, ஒரு கைப்பிடி பார்லியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். வெளிர்ப் பொன்னிறம் வந்ததும் ஒரு கரண்டி எடுத்து முதல் கிண்ணத்தில் போடுங்கள், பிஸ்கட் மணக்கும். நல்ல பழுப்பு ஏறியதும் இன்னொரு கரண்டி. அது பன்னின் மேல்தோல் மணம். மீதியை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, புகை கிளம்பப்போகும் தருணம்வரை விடுங்கள். காப்பிக்கொட்டை வறுக்கும் நெடி வரும்போது இறக்கிவிடுங்கள். ஒரு பருக்கையை வாயில் போட்டுக் கடியுங்கள். கசப்புத் தூக்கலாக, தொண்டையை உலர்த்தும். இந்த மூன்றாவது கிண்ணம்தான் ரெட் ஏலின் கடைசி வரி. அதை அடையாளம் தெரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்து சர்க்கரை. இரண்டு ஸ்பூன் சர்க்கரையை உருக்கித் தேன் நிறத்தில் பாதியைத் தட்டில் ஊற்றுங்கள். மீதியைக் கருஞ்சிவப்பாகும்வரை வைத்து ஊற்றுங்கள். பிளம் கேக்குக்கு நாங்கள் காய்ச்சும் பாகு இரண்டாவது வகை. முதலாவதை ரெட் ஏலில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம், இரண்டாவது அழுத்தமான சில வகைகளில்தான் வரும். பக்கத்தில் நாலு உலர் திராட்சையும் பால் சேர்க்காத ஆறிய டீயும் இருக்கட்டும். டீ மணத்துக்காக அல்ல. கன்னத்தின் உட்புறம் இறுகும் அந்த உணர்வை நினைவூட்டிக்கொள்வதற்காக.

ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் மால்ட் சிவப்பதும் ஒரே ரசாயனம். சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு ரசாயனர் மைலார்டின் பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள். என் கணவருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அடுப்பின் கதவைத் திறக்காமலே, மணத்தை வைத்து வர்க்கி எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சர்க்கரை நோய் வந்த பிறகு அவர் ஒரு சொட்டும் தொடுவதில்லை. கிளாசை வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். குடிக்கிற எங்கள் இருவரையும்விட அவர் சொல்வதுதான் பெரும்பாலும் துல்லியம். உங்கள் வீட்டிலும் குடிக்காதவர் ஒருவர் இருந்தால் அவரையும் மேசைக்கு அழையுங்கள். மூக்குக்கு மதுவிலக்கு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. சளிக்கு நீலகிரித் தைலம் தடவிய நாளில் இந்த வேலையே வேண்டாம். அந்த வாசனைக்கு முன்னால் எந்த பீரும் நிற்காது. ஊதுபத்தி, மல்லிகைப் பூ, தாளிப்பு மூன்றும் அதே கணக்குத்தான்.

கிளாசுக்கு வருவோம். கைப்பிடி வைத்த கனத்த மக் வேண்டாம். வாய் சற்றுக் குறுகிய ஒயின் கிளாஸ் நல்லது, இல்லாவிட்டால் சாதாரணக் கண்ணாடி டம்ளர். வடிவத்தைவிடச் சுத்தம் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பின் மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். பேக்கரி வீட்டில் பிசுக்கு இல்லாத இடமே இல்லை என்பதால் நான் உப்பு வைத்துச் சோதிப்பேன்: கழுவிய கிளாசின் உட்புறத்தை நனைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூள் உப்பைத் தூவ வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டினால் சுத்தம். திட்டுத்திட்டாக விட்டுப்போனால் அங்கே பிசுக்கு இருக்கிறது. உப்பைக் கழுவிவிட்டுக் கவிழ்த்து உலரவிடுங்கள், துணியால் துடைக்காதீர்கள்.

ஊற்றுவதில் மலைக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. பர்லியாறு தாண்டியதும் பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம்; கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே. பாட்டிலால் உப்ப முடியாது. அதனால் மூடியைத் திறக்கும்போது நுரையாகச் சீறும். வளைவு வளைவாகக் குலுங்கி வந்த பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள், ஒரு நாளாவது நிமிர்த்திவைத்து ஓய்வு கொடுங்கள். கிளாசைச் சாய்த்துப் பிடித்து, உட்சுவரில் வழியுமாறு பாதிவரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை கட்டும். மணத்தைத் தூக்கிக்கொண்டு வருவது அந்த நுரைதான். நுரையே வராமல் ஊற்றிவிட்டதாகப் பெருமைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். மூன்று பேருக்கு ஒரு பாட்டில் போதும். ருசி பார்ப்பதற்கு ஆளுக்கு 150 மில்லி தாராளம்.

பார்ப்பதற்கு அதிக நேரம் வேண்டாம். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் செம்பு நிறம், விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு. நுரை தூய வெள்ளையாக இல்லாமல் லேசான பழுப்பில் இருக்கும். ஐரிஷ் வகை தெளிவாக இருக்க வேண்டும். கிளாசின் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் குறை பீரில் இல்லை, உங்கள் உப்புச் சோதனையில்.

முகர்வதை நெடிய மூச்சாக இழுக்காதீர்கள். சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை இழுத்து, நிறுத்துங்கள். முதல் நொடியில் தோன்றுவதைச் சொல்லிவிடுங்கள்; மூக்குச் சீக்கிரம் பழகிவிடும், பழகியபின் எதையும் சொல்லாது. பழகிவிட்டது என்று தோன்றினால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள். கிளாசின் வாயை உள்ளங்கையால் மூடி, மெல்லச் சுழற்றி, திறந்து முகர்ந்தால் அடியில் இருப்பதெல்லாம் மேலே வரும். இப்போது கிண்ணங்களுக்குப் போங்கள். முதலாவதா, இரண்டாவதா? பாகு எந்த நிறம்? ஒரு மாலையில் என் கணவர் கிளாசை முகர்ந்துவிட்டு, “ரஸ்க், ஆனால் இரண்டாம் முறை சுட்டு எடுத்து, ஆறுவதற்கு முன்னால்” என்றார். அவ்வளவு நுணுக்கம் எல்லோருக்கும் வராது, வரவும் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும் டாஃபி, பிஸ்கட் என்ற பட்டியலை ஒப்பிக்காமல், உங்கள் அடுக்களையில் இருக்கும் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். வெல்லப் பாகு என்று தோன்றினால் வெல்லப் பாகு என்றே எழுதுங்கள்.

இனிக் குடிக்கலாம். குன்னூரில் ஏல விற்பனைக்கு வரும் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் ‘சுர்’ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிடுவார்கள், வரிசையாக அத்தனை கோப்பைகள் காத்திருக்கும். பீரில் அந்த முறை உதவாது. விழுங்கும்போது தொண்டையருகே எழும் கசப்பும், விழுங்கிய பிறகு மிஞ்சும் உலர்வும் தெரிந்தால்தான் கணக்கு முடியும். நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று பழைய பாடப் புத்தகங்களில் ஒரு படம் போட்டிருந்தார்கள்; அது தவறு. எல்லாச் சுவையும் நாக்கு முழுதும் தெரியும். ஆகவே ஒரு வாய் நிறைய எடுத்து, எல்லாப் பக்கமும் பரவவிட்டு, மெதுவாக விழுங்கி, வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அந்த வெளிமூச்சில்தான் இருக்கிறது.

எது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் பாகின் மெல்லிய இனிப்பு. நடுவில் ரொட்டித் தோலும் வறுத்த தானியமும், சிலவற்றில் திராட்சையின் சாயல். கடைசியில் மூன்றாவது கிண்ணம்: வறண்ட, லேசான கருகல், உடனே இன்னொரு வாய் கேட்கவைக்கும். அந்தக் கடைசிப் படி இல்லாமல் இனிப்பிலேயே நின்றுவிடும் ரெட் ஏல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை நான் இரண்டாவது வாய்க்குமேல் தொடுவதில்லை. மாறாக, கருகல் முதலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டால் கறுப்பு பார்லியில் கை தாராளமாகப் போய்விட்டது என்று பொருள்.

குளிரைப் பற்றி நான் சொன்னதை நம்பாதவர்கள் ஒரே பாட்டிலை இரண்டு கிளாசில் ஊற்றி, ஒன்றை ஃபிரிட்ஜிலும் ஒன்றை மேசையிலும் கால் மணி நேரம் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். இரண்டு வேறு பீர் என்று சத்தியம் செய்வீர்கள். ஃபிரிட்ஜில் இருந்தது மெலிந்து, கசந்து, தண்ணீராகத் தெரியும். மேசையில் இருந்ததில் ரொட்டி இருக்கும்.

ரெட் ஏல் என்ற பெயரில் மூன்று வேறு சங்கதிகள் உலவுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஐரிஷ் வகையில் சாராயச் சத்து 4 முதல் 5 சதவீதம். கசப்பு அளவான ஐபியு 18 முதல் 28. கில்கென்னி நகரில் 1710-இல் தொடங்கிய ஸ்மித்விக் குடும்பத்து ஏல் இதன் பழைய பெயர்களில் ஒன்று. அமெரிக்க வகையில் ஐபியு 25 முதல் 40வரை ஏறும். ஆரஞ்சுத் தோலும் பைன் பிசினும் மணக்கும் ஹாப்ஸ் முன்வரிசைக்கு வந்துவிடும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் வகை முற்றிலும் வேறு: ரோடன்பாக் போன்றவை ஓக் மரத் தொட்டியில் மாதக்கணக்கில் கிடந்து, பாக்டீரியாவால் புளித்து, காடியின் கூர்மையோடு வரும். பெங்களூரு மைக்ரோபுருவரிகளில் ரெட் ஏல் என்று பலகையில் கண்டால் இவற்றில் எது என்று கேட்டுவிட்டு, முதலில் சின்னக் கிளாசில் வாங்குங்கள். கேள்வி கேட்பவரை அங்கே யாரும் விரட்டுவதில்லை.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவும் பேக்கரி உதவும். கேக் பெட்டி அட்டையை நனைத்து முகர்ந்து பாருங்கள். அதே மணம் பீரில் வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. தொலைதூரம் வந்த பாட்டில்களுக்கு அடிக்கடி நேரும் கதி இது. இந்த வகை ஏல் வைத்து வைத்துக் குடிக்கிற சரக்கல்ல, புதிதாகக் குடிக்கவேண்டியது. வெண்ணெய் மணம் வந்தால் அது டையாசெட்டில். செயற்கை வெண்ணெய் வாசனைக்குச் சேர்ப்பதும் அதே பொருள்தான். ஐரிஷ் ரெட்டில் சாயலாக இருந்தால் மன்னிக்கலாம், மார்ஜரின் டின்னைத் திறந்ததுபோல் அடித்தால் மன்னிக்கக்கூடாது. வெயில் பட்ட பீரில் ஒரு நாற்றம் வரும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைவதால் வருவது. பழுப்பு பாட்டில் அதைத் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. அதனால் ஜன்னல் திட்டில் குளிரவைப்பவர்கள் இருட்டிய பிறகு வையுங்கள்.

தொட்டுக்கொள்ள மிளகாய் வேண்டாம். காரம் கசப்பையும் சாராயத்தையும் தூண்டிவிட்டு மால்ட்டை அமுக்கிவிடும். சில்லி சிக்கனோடு இதைக் குடிப்பவரிடம் எனக்குப் பேச்சில்லை. ஊட்டி கேரட்டை நீளவாக்கில் பிளந்து, வெண்ணெயும் உப்பும் தடவி, ஓரம் கருகும்வரை அடுப்பில் சுட்டால் கேரட்டின் இனிப்பும் ஏலின் இனிப்பும் கைகோத்துக்கொள்ளும். காளானை வதக்கி மிளகு தூவினால் அதுவும் ஒத்துப்போகும். குன்னூரில் கிடைக்கும் சீஸில் கௌடா வகை பொருந்தும். வர்க்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கணவர் கோபித்துக்கொள்வார்: சூடு ஆறிய, மொறுமொறுப்பான, சாதாரண வர்க்கி. அதன் அடுக்குகளில் இருக்கும் கொழுப்பை ஏலின் உலர்ந்த முடிவு துடைத்துவிடும். கிரீம் பன்னை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

21 வயது ஆகாதவர்களுக்கு இவை எதுவும் இல்லை. குடித்துவிட்டு வண்டியெடுத்துக் கல்லட்டியின் 36 வளைவுகளில் இறங்கப்போகிறேன் என்பவருக்கு அந்தக் கால் கிலோவில் மிச்சமிருக்கும் பார்லியைக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள்.

பாட்டிலின் அடியில் தங்கிய மண்டியையும் நுரை போய்விட்ட மிச்சத்தையும் கொட்டவேண்டாம். மறுநாள் ரொட்டி மாவுக்குத் தண்ணீரில் பாதியைக் குறைத்து அதை ஊற்றிப் பிசையுங்கள். சர்க்கரையில் ஒரு ஸ்பூனைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேல்தோல் சீக்கிரம் கறுத்துவிடும். காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கிடைக்கும் என்று டாஸ்மாக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காட்டில் யானைகளின் காலைக் கண்ணாடிச் சில்லுகள் கிழிப்பதைத் தடுக்க 2022-இல் நீலகிரியில் தொடங்கிய அந்த ஏற்பாடு அவர்கள் விற்ற பாட்டில்களுக்கு மட்டும்தான். அயர்லாந்து பாட்டில்களைக் கழுவி, நான் வெனிலா எசன்ஸ் ஊற்றிவைத்திருக்கிறேன்.